அமெரிக்க நாடகங்களில் ஆசிரியர்

நாடகம் மோதலில் பிறக்கும் கலை. இரண்டு விருப்பங்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும் இடத்தையே நாடகாசிரியன் நாடிச் செல்கிறான். அரசனும் படைத்தலைவனும், காதலனும் காதலியும், தந்தையும் மகனும் நெடுங்காலமாக மேடைக்குரிய மாந்தராக விளங்கி வருவதற்கு இதுவே காரணம். மணி அடித்ததும் வகுப்புக்குச் சென்று, கரும்பலகையில் எழுதி, விடைத்தாள்களைத் திருத்தி, மாலையில் வீடு திரும்பும் ஆசிரியரின் வாழ்க்கையில் நாடகத்திற்கு என்ன இருக்கிறது என்று ஒருவர் கேட்கக்கூடும். ஆயினும் 20-ஆம் நூற்றாண்டின் அமெரிக்க நாடகங்களை எடுத்துப் பார்த்தால், சிறந்தவை என்று போற்றப்படுபவற்றுள் பலவற்றில் ஆசிரியரே நடுநாயகமாக நிற்கக் காண்கிறோம்.

அவர் எவ்வாறு நிற்கிறார்? அமைதியாகப் பாடம் சொல்லும் நிலையில் அவரைக் காண்பது அரிது. பெரும்பாலும் குற்றம் சாட்டப்பட்டவராகவே நிற்கிறார். ஊர் அவரை விசாரிக்கிறது. சில வேளைகளில் நீதிமன்றமே விசாரிக்கிறது. இந்த நாடகங்களை ஒருசேர வைத்துப் படிப்பவருக்கு மற்றொன்றும் புலனாகும். ஆசிரியரின் வாழ்வும் தாழ்வும் இறுதியில் ஒரு மாணவனின் சொல்லிலோ, ஒரு மாணவியின் செயலிலோ தங்கியிருக்கின்றன. ஆசிரியர் மாணவரை உருவாக்குகிறார் என்று நாம் கேட்டுப் பழகியிருக்கிறோம். மாணவர் கையில் ஆசிரியர் என்ன ஆகிறார் என்பதை அமெரிக்க மேடை திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறது. இன்றைய பேச்சில் அக்கேள்வியையே சில நாடகங்களின் வழியாக ஆராய்வோம்.

முதலில், ஆசிரியர் ஏன் இவ்வளவு எளிதாகக் கூண்டில் ஏற்றப்படுகிறார் என்பதை அறிந்துகொள்ள வேண்டும். அமெரிக்கப் பள்ளி தொடக்கம் முதலே ஊராரின் பள்ளியாக இருந்து வந்திருக்கிறது. மாசசூசெட்ஸ் குடியேற்றத்தில் 1647-ஆம் ஆண்டிலேயே ஒரு சட்டம் இயற்றப்பட்டது. 50 குடும்பங்கள் உள்ள ஒவ்வோர் ஊரும் பிள்ளைகளுக்கு எழுதவும் படிக்கவும் கற்பிக்க ஓர் ஆசிரியரை அமர்த்த வேண்டும் என்றும், 100 குடும்பங்கள் உள்ள ஊர் இலக்கணப் பள்ளி ஒன்றையே நிறுவ வேண்டும் என்றும் அச்சட்டம் கூறிற்று. இன்றும் அந்நாட்டின் பெரும்பாலான பள்ளி மாவட்டங்களில் பள்ளிக் குழுவின் உறுப்பினர்களை மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கின்றனர். பள்ளிச் செலவில் கணிசமான பகுதி உள்ளூர்ச் சொத்து வரியிலிருந்து வருகிறது. ஆதலின், ஆசிரியருக்கு ஊதியம் தருபவர் எங்கோ தொலைவில் உள்ள அரசு அன்று. அடுத்த தெருவில் கடை வைத்திருப்பவர், ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பக்கத்தில் அமர்பவர். அவர் என்ன பேசுகிறார், எப்படி உடுத்துகிறார், யாரோடு பழகுகிறார் என்பதையெல்லாம் கேட்கும் உரிமை தமக்கு உண்டு என்று ஊரார் எண்ணிவிடுகின்றனர்.

இந்தக் கண்காணிப்பின் சுமையை வில்லியம் இன்ஜ் எழுதிய 'பிக்னிக்' என்ற நாடகம் நன்கு காட்டுகிறது. 1953-ஆம் ஆண்டில் நியூயார்க்கில் அரங்கேறி, அவ்வாண்டின் புலிட்சர் பரிசையும் பெற்றது அது. கான்சஸ் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில், ஒரு வீட்டில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் ரோஸ்மேரி என்ற நடுவயது ஆசிரியை அதில் வருகிறாள். தனக்குத் திருமணத்தைப் பற்றிக் கவலையே இல்லை என்று எல்லாரிடமும் நிமிர்ந்து பேசுபவள் அவள். அத்தகையவள், ஒருநாள் இரவு தன் நண்பராகிய சிறு வணிகர் ஒருவரிடம், தன்னை மணந்துகொள்ளும்படி மன்றாடுகிறாள். அவள் அஞ்சுவது வறுமைக்கு அன்று. மறுநாள் பள்ளி திறக்கும், மறு ஆண்டும் திறக்கும், தான் மட்டும் அதே வாடகை அறையில் முதுமை எய்துவோம் என்ற எண்ணமே அவளை வாட்டுகிறது. மணம் புரிந்த பெண்ணை ஆசிரியையாக வைத்துக்கொள்வதில்லை என்பது 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அமெரிக்காவின் பல ஊர்களில் விதியாகவே இருந்தது. அந்த விதியின் நீண்ட நிழலை ரோஸ்மேரியின் மீது காண்கிறோம். இன்ஜ் தாமும் சில ஆண்டுகள் ஆசிரியராகப் பணியாற்றியவர். ஆசிரியர் விடுதி அறையின் தனிமையை அவர் அறிந்தே எழுதினார்.

ஊரின் கண்காணிப்பு அன்பற்றதாக மாறினால் என்ன நேரும் என்பதைக் காண, இன்னும் சில ஆண்டுகள் பின்னோக்கிச் செல்ல வேண்டும். 1934-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் லில்லியன் ஹெல்மன் என்ற இளம் பெண் எழுதிய முதல் நாடகம் நியூயார்க்கில் அரங்கேறியது. 'சில்ட்ரன்ஸ் ஹவர்' என்பது அதன் பெயர். 'குழந்தைகளின் நேரம்' என்பது பொருள். கேரன், மார்த்தா என்னும் இரண்டு தோழியர் பல ஆண்டுகள் பாடுபட்டுச் சேமித்த பணத்தில் ஒரு பழைய பண்ணை வீட்டை வாங்கி, அதில் பெண்களுக்கான உறைவிடப் பள்ளி நடத்துகின்றனர். அங்குப் பயிலும் மேரி என்ற சிறுமி ஒரு பொய்க்காகத் தண்டிக்கப்படுகிறாள். சினம் கொண்டு தன் பாட்டியின் வீட்டிற்கு ஓடிவிடுகிறாள். திரும்பிச் செல்லாமல் இருப்பதற்காக, ஆசிரியைகள் இருவருக்கும் இடையே அக்காலச் சமூகம் ஏற்காத காதல் உறவு இருப்பதாகப் பாட்டியின் காதில் ஓதுகிறாள். தன் சொல்லுக்குத் துணையாக, ஒரு சிறு திருட்டில் அகப்பட்ட தோழி ஒருத்தியை மிரட்டிச் சாட்சி சொல்லவும் வைக்கிறாள்.

பாட்டி கெட்டவள் அல்லள். ஊரில் நன்மதிப்புப் பெற்ற பெருமாட்டி. அவள் தொலைபேசியை எடுத்து மற்றப் பெற்றோர்களுக்குச் செய்தியைச் சொல்லுகிறாள். அன்று மாலைக்குள் பிள்ளைகள் ஒவ்வொருவராக அழைத்துச் செல்லப்படுகின்றனர். பள்ளி வெறுமையாகிறது. ஆசிரியைகள் மானநட்ட வழக்குத் தொடுத்துத் தோற்கின்றனர். கேரனுக்கு நிச்சயிக்கப்பட்டிருந்த மணமும் முறிந்துவிடுகிறது. மார்த்தாவோ, ஊர் சொன்ன சொல்லை எண்ணி எண்ணித் தன் உள்ளத்தைத் துருவிப் பார்த்து, கேரனிடம் தான் கொண்டிருந்தது அத்தகைய அன்புதான் என்று அவளிடமே ஒப்புக்கொள்கிறாள். பிறகு அடுத்த அறைக்குச் சென்று தன்னைச் சுட்டுக்கொண்டு மடிகிறாள். பேத்தி சொன்னது பொய் என்பதை அறிந்த பாட்டி, மன்னிப்புக் கேட்கவும் இழப்பை ஈடு செய்யவும் வந்து சேரும்போது, மன்னிப்பைப் பெற வேண்டியவர்களுள் ஒருத்தி உயிரோடு இல்லை.

இக்கதைக்கு மூலம் 1810-ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் உண்மையாகவே நடந்த நிகழ்ச்சி. அங்கு இரண்டு ஆசிரியைகள் தொடுத்த வழக்கு பல ஆண்டுகள் நீடித்து, இறுதியில் பிரபுக்கள் சபையில் அவர்களுக்குச் சார்பாகவே முடிந்தது. ஹெல்மன் அவர்களைத் தோற்கச் செய்தார். நீதிமன்றம் தரும் வெற்றி, இழந்த பள்ளியை மீட்டுத் தராது என்பதை அவர் உணர்ந்திருக்க வேண்டும். பாஸ்டன் நகரில் இந்நாடகத்திற்குத் தடை விதிக்கப்பட்டது. நியூயார்க்கிலோ 691 முறை நடிக்கப்பெற்றது. நாடகத்தைப் பார்ப்பவர் எல்லாரும் மேரியை வெறுப்பர். ஆனால் ஹெல்மனின் குற்றச்சாட்டு ஒரு சிறுமியோடு நின்றுவிடவில்லை. கேட்ட சொல்லை ஆராயாமல் தொலைபேசியை எடுத்த மூத்தோரையே அவர் முதன்மையாகச் சாடுகிறார்.

அடுத்து, ஆசிரியரின் ஒழுக்கம் பற்றிய வழக்கிலிருந்து அவருடைய சிந்தனை பற்றிய வழக்குக்கு வருவோம். 1940-ஆம் ஆண்டில் ஜேம்ஸ் தர்பர், எலியட் நியூஜென்ட் என்னும் நண்பர் இருவர் சேர்ந்து எழுதிய 'மேல் அனிமல்' என்ற இன்பியல் நாடகம் அரங்கேறியது. அதில் டாமி டர்னர் என்ற ஆங்கிலப் பேராசிரியர் வருகிறார். அவர் புரட்சிக்காரர் அல்லர். அரசியல் ஆர்வமும் இல்லாதவர். உயர்ந்த கல்வி இல்லாதவரும் உள்ளத்திலிருந்து எழுதினால் நல்ல உரைநடை அமையும் என்பதை வகுப்பில் விளக்குவதற்காக, 1927-ஆம் ஆண்டில் மரண தண்டனைக்கு உள்ளான இத்தாலியத் தொழிலாளி வான்செட்டியின் கடிதம் ஒன்றைப் படிக்க எண்ணியிருக்கிறார். துடிப்பு மிக்க மாணவ ஆசிரியன் ஒருவன் அச்செய்தியைக் கல்லூரி ஏட்டின் தலையங்கத்தில் வீரமுழக்கமாக வெளியிட்டுவிடுகிறான். பல்கலைக்கழக அறங்காவலர்கள் கொதித்தெழுகின்றனர். படித்தால் வேலை போய்விடும் என்ற நிலை ஏற்படுகிறது. சாதாரண உரைநடைப் பாடமாக இருந்தது, ஒரு மாணவனின் பேனாவினால் மானப் பிரச்சினை ஆகிவிடுகிறது. முடிவில் பேராசிரியர் அக்கடிதத்தைப் படிக்கிறார். சிரிப்பும் குழப்பமும் நிறைந்த நாடகம்தான். எனினும் அந்தக் கட்டத்தில் அரங்கம் சிரிப்பதில்லை.

இதே சிக்கலை நீதிமன்றத்திலேயே நிறுத்திக் காட்டுவது 'இன்ஹெரிட் தி விண்ட்' என்ற நாடகம். ஜெரோம் லாரன்ஸும் ராபர்ட் லீயும் சேர்ந்து எழுதிய இது, 1955-ஆம் ஆண்டில் நியூயார்க்கில் அரங்கேறி 806 முறை நடிக்கப்பெற்றது. டென்னசி மாநிலத்தில் மனிதன் கீழ்நிலை உயிர்களிலிருந்து தோன்றினான் என்று அரசுப் பள்ளிகளில் கற்பிப்பதைத் தடுக்கும் சட்டம் 1925-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. அவ்வாண்டே டேட்டன் என்ற சிற்றூரில் ஜான் ஸ்கோப்ஸ் என்ற இளம் ஆசிரியர் மீது அச்சட்டப்படி வழக்கு நடந்தது. அரசுத் தரப்பில் வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையனும், ஆசிரியர் தரப்பில் கிளாரன்ஸ் டாரோவும் வாதாடினர். ஸ்கோப்ஸுக்கு 100 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. 1927-ஆம் ஆண்டில் மாநில உச்ச நீதிமன்றம், அபராதத்தை நடுவர் குழு விதிக்காமல் நீதிபதி விதித்தது பிழை என்ற காரணம் காட்டி அத்தீர்ப்பை நீக்கிற்று. சட்டமோ 1967-ஆம் ஆண்டு வரை நீக்கப்படவில்லை.

நாடகத்தில் ஸ்கோப்ஸ் என்பவர் பெர்ட்ரம் கேட்ஸ் ஆகிறார். டேட்டன் என்ற ஊர் ஹில்ஸ்பரோ ஆகிறது. உண்மையில் ஸ்கோப்ஸ் சிறையில் வைக்கப்படவில்லை. நாடகத்தில் கேட்ஸ் சிறையில் இருக்கிறார். இது வரலாறு அன்று, நாடகமே என்பதை ஆசிரியர்களே முன்னுரையில் தெளிவாக்கியிருக்கின்றனர். 1950-களின் தொடக்கத்தில் செனட்டர் மக்கார்த்தி போன்றோர் கலைஞர்களையும் ஆசிரியர்களையும் ஐயத்திற்குரியவர்களாக்கி விசாரித்த காலத்தில், சிந்திக்கும் உரிமையைப் பற்றிப் பேசவே அவர்கள் பழைய வழக்கு ஒன்றை எடுத்துக்கொண்டனர்.

இந்நாடகத்தில் இரு பெரும் வழக்கறிஞர்களின் சொற்போரையே எல்லாரும் புகழ்வர். ஆனால் மாணவர்கள் உற்றுக் கவனிக்க வேண்டிய இடம் வேறொன்று. ஹவர்டு என்ற சிறுவன் சாட்சிக் கூண்டில் ஏற்றப்படுகிறான். ஆசிரியர் வகுப்பில் என்ன சொன்னார் என்று அரசுத் தரப்பு கேட்கிறது. அவன் கேட்டதைக் கேட்டபடியே சொல்லுகிறான். அது ஆசிரியருக்குத் தீங்காகவே முடிகிறது. பிறகு எதிர்த்தரப்பு வழக்கறிஞர், ஆசிரியர் சொன்னதையெல்லாம் நீ நம்புகிறாயா என்று கேட்கிறார். அது பற்றி இன்னும் யோசித்துப் பார்க்க வேண்டும் என்ற கருத்துப்பட அச்சிறுவன் விடை கூறுகிறான். ஆசிரியரைக் காக்கப் பொய் சொல்லவில்லை. ஊரை மகிழ்விக்கவும் சொல்லவில்லை. அந்த விடையைக் கேட்ட பிறகு, கேட்ஸ் நல்ல ஆசிரியர் என்பதற்கு வேறு சான்று தேவையா? ஒரு சிறுமியின் பொய்யால் அழிந்த பள்ளியை முன்னே கண்டோம். ஒரு சிறுவனின் நேர்மை, தண்டிக்கப்பட்ட ஆசிரியருக்கும் பெருமை தேடித் தருவதை இங்கே காண்கிறோம்.

இவ்வளவும் கேட்டவர், அமெரிக்க மேடையில் ஆசிரியர் எப்போதும் குற்றமற்றவர்தாம் போலும் என்று முடிவு கட்டிவிடலாகாது. டென்னசி வில்லியம்ஸ் 1947-ஆம் ஆண்டில் அளித்த 'ஸ்ட்ரீட்கார் நேம்ட் டிசையர்' நாடகத்தின் தலைவி பிளான்ச் ஓர் ஆங்கில ஆசிரியை. 17 வயது மாணவன் ஒருவனிடம் முறை தவறி நடந்ததால் பணியிழந்தவள். நாடகம் அவளுக்காக இரங்குகிறது. ஆயினும் அவள் செய்ததைச் சரி என்று சொல்லவில்லை. மாணவர் கூறும் முறையீடு எல்லாம் மேரி கூறிய பொய்யைப் போன்றதன்று என்பதை இது நினைவூட்டுகிறது.

டேவிட் மாமெட் 1992-ஆம் ஆண்டில் எழுதிய 'ஒலியானா' நாடகத்தில் இரண்டே பாத்திரங்கள்: ஒரு பேராசிரியர், ஒரு மாணவி. பாடம் விளங்கவில்லை என்று சொல்லி மாணவி அவர் அறைக்கு வருகிறாள். நிலையான பதவி கிடைக்கும் நேரம். புதிய வீடு வாங்கும் நேரம். தொலைபேசி மணி இடையிடையே ஒலிக்க, அவர் அவள் சொல்வதை முழுமையாகக் கேட்காமலே நீண்ட விளக்கம் தருகிறார். அடுத்த காட்சியில் அவள் கொடுத்த புகார் அவர் பதவியைப் பறிக்கும் நிலையில் நிற்கிறது. யார் பக்கம் நியாயம் என்பதில் பார்வையாளர்கள் இரு அணியாகப் பிரிந்து வாதிட்டனர். ஒன்று மட்டும் ஐயத்திற்கு இடமின்றித் தெரிகிறது. முதல் காட்சியில் அவர் தொலைபேசியை வைத்துவிட்டு அவளுடைய கேள்வியைக் கேட்டிருந்தால், கதை வேறு வழியில் சென்றிருக்கும்.

ஜான் பாட்ரிக் ஷான்லி எழுதிய 'டவுட்', அதாவது 'ஐயம்', 2004-ஆம் ஆண்டில் அரங்கேறி, 2005-ஆம் ஆண்டின் புலிட்சர் பரிசைப் பெற்றது. கதை நிகழ்வது 1964-ஆம் ஆண்டில், நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதியில் உள்ள ஒரு கத்தோலிக்கப் பள்ளியில். அப்பள்ளியின் முதல் கறுப்பின மாணவனிடம் பாதிரியார் ஒருவர் தவறாக நடந்திருக்கலாம் என்று தலைமை ஆசிரியையான கன்னிமாடத்துச் சகோதரி ஐயுறுகிறார். சான்று இல்லை, ஐயம் மட்டும் வளர்கிறது. பாதிரியார் குற்றவாளியா என்பதை நாடகம் இறுதி வரை சொல்லுவதில்லை. வியப்பு என்னவெனில், அந்த மாணவன் ஒருமுறைகூட மேடைக்கு வருவதில்லை. அவனைக் காக்கவே எல்லாரும் போராடுகின்றனர். அவன் குரலோ நமக்குக் கேட்பதே இல்லை. ஹெல்மன் நாடகத்தில் மூத்தோர் ஒரு குழந்தையின் சொல்லை ஆராயாமல் நம்பினர். இங்கே குழந்தையின் சொல்லே இல்லாமல் மூத்தோர் வழக்காடுகின்றனர். இரண்டும் தீங்கே.

இதுவரை நாம் கண்ட மேடையில் வகுப்பு இல்லை. கற்பித்தல் என்னும் செயலும் இல்லை. கற்பிப்பதையே முழு நாடகமாக ஆக்கிக் காட்டியவர் வில்லியம் கிப்சன். 1959-ஆம் ஆண்டில் அரங்கேறிய அவருடைய 'மிராக்கிள் வொர்க்கர்' நாடகம், பார்வையும் செவிப்புலனும் இழந்த ஹெலன் கெல்லருக்கும் அவர் ஆசிரியை ஆனி சல்லிவனுக்கும் இடையே 1887-ஆம் ஆண்டில் நிகழ்ந்ததைக் கூறுகிறது. ஆனிக்கு அப்போது வயது 20. தாமே பார்வைக் குறையால் துன்புற்று, ஏழையர் விடுதியில் தம்பியைப் பறிகொடுத்து, பாஸ்டன் நகரின் பெர்க்கின்ஸ் பள்ளியில் பயின்றவர். அலபாமா மாநிலத்து டஸ்கம்பியா ஊரிலுள்ள கெல்லர் இல்லத்திற்கு அவர் வந்தபோது, ஆறு வயதுச் சிறுமி ஹெலன் வீட்டையே ஆட்டிப் படைத்துக்கொண்டிருந்தாள். வந்த அன்றே ஆசிரியையை அறையில் வைத்துப் பூட்டிச் சாவியை ஒளித்துவிடுகிறாள்.

நாடகத்தின் இரண்டாம் அங்கத்தில் உணவறைக் காட்சி ஒன்று வருகிறது. பிறர் தட்டுகளிலிருந்து கையால் அள்ளித் தின்னும் சிறுமியைத் தன் தட்டில் கரண்டியால் உண்ணச் செய்ய ஆனி முனைகிறார். வீட்டாரை வெளியே அனுப்பிக் கதவைத் தாழிடுகிறார். பிறகு நெடுநேரம் மேடையில் உரையாடலே இல்லை. நாற்காலிகள் சாய்கின்றன, கரண்டிகள் பறக்கின்றன. இறுதியில் சோர்ந்து வெளியே வரும் ஆனி, குழந்தை தன் தட்டிலிருந்து உண்டாள், துவாலையை மடித்து வைத்தாள் என்று தாயிடம் கூறுகிறார். அந்தத் தாய் அச்செய்தியைத் திரும்பத் திரும்பத் தனக்குள் சொல்லிக்கொள்கிறாள். மடித்த துவாலை ஒன்று இவ்வளவு பெரிய வெற்றியாகத் தோன்றுவதற்குக் காரணம், அதற்குப் பின்னால் உள்ள உழைப்பை நாம் கண்ணாரக் கண்டதே ஆகும்.

பெற்றோரின் அன்பே இங்கு ஆசிரியைக்கு எதிராக நிற்கிறது. பரிதாபப்பட்டு எல்லாவற்றையும் விட்டுக்கொடுக்கும் அவர்களிடமிருந்து, தோட்ட வீட்டில் இரண்டு வாரம் குழந்தையைப் பிரித்து வைத்திருக்க ஆனி அனுமதி பெறுகிறார். அந்த இரண்டு வாரத்தில் ஒழுங்கு பழகுகிறது. விரல்களால் எழுதும் எழுத்துகளும் பழகுகின்றன. ஆனால் எழுத்துக்குப் பொருள் உண்டு என்பது விளங்கவில்லை. வீடு திரும்பியதும் ஹெலன் பழையபடி அடம் பிடித்துத் தண்ணீர்க் குவளையைக் கவிழ்க்கிறாள். அதை நிரப்பி வர ஆனி அவளை இழுத்துச் செல்கிறார். குழாயடியில் ஒரு கையில் தண்ணீர் பாய, மறு கையில் ஆனி 'தண்ணீர்' என்ற சொல்லை எழுத, குழந்தையின் முகத்தில் ஒளி தோன்றுகிறது. ஒவ்வொரு பொருளுக்கும் பெயர் கேட்டுக்கொண்டு அவள் ஓடுகிறாள். முடிவில், இந்த அந்நியப் பெண் யார் என்று கேட்கிறாள். 'ஆசிரியர்' என்பது விடையாகக் கையில் எழுதப்படுகிறது. உடனே தாயிடமிருந்த சாவிகளை வாங்கி, ஆசிரியையின் கையில் கொண்டுவந்து வைக்கிறாள். பூட்டியவளே சாவியைத் தருகிறாள். ஆசிரியருக்கு மாணவர் அளிக்கக்கூடிய அங்கீகாரத்தை இதைவிட எளிமையாக ஒரு மேடை காட்டியதில்லை.

'டவுட்' நாடகத்தில் மாணவன் மேடைக்கு வரவில்லை என்று கண்டோம். ஆசிரியரே மேடைக்கு வராத நாடகம் ஒன்றும் உண்டு. பால் ஸின்டெல் எழுதிய அதன் பெயர் மிக நீளமானது; காமாக் கதிர்கள் செவ்வந்தி இனச் செடிகள் மீது விளைக்கும் மாறுதலைப் பற்றியது அப்பெயர். 1971-ஆம் ஆண்டில் அது புலிட்சர் பரிசு பெற்றது. ஸின்டெல் நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவில் பல ஆண்டுகள் வேதியியல் ஆசிரியராகப் பணியாற்றியவர். டில்லி என்ற கூச்சம் மிக்க மாணவி, கசப்பே உருவான தாயோடும் நோயுற்ற தமக்கையோடும் வாழ்கிறாள். படித்து என்ன ஆகப்போகிறது என்று தாய் அவளைப் பள்ளிக்கு அனுப்பாமலே வீட்டில் நிறுத்திக்கொள்வதுண்டு. அவளுடைய அறிவியல் ஆசிரியர் குட்மன், தொலைபேசியின் மறுமுனையில் மட்டுமே இருக்கிறார். அவர் முகத்தை நாம் பார்ப்பதே இல்லை. ஆயினும் அவர் சொன்ன ஒரு கருத்து டில்லியின் உள்ளத்தில் வேரூன்றியிருக்கிறது. தன் கையில் உள்ள அணுக்கள் உலகம் தோன்றுமுன் விண்மீனில் இருந்தவை என்று எண்ணி அவள் வியக்கிறாள். கதிர்பட்ட விதைகளை வளர்த்துப் பள்ளியின் அறிவியல் போட்டியில் முதற்பரிசும் பெறுகிறாள். அன்பற்ற அந்த வீட்டில் டில்லி ஒருத்தி வாடாமல் நிற்கிறாள் என்றால், அதற்குக் காரணம் மேடையில் இல்லாத ஒருவர். ஆசிரியர் எங்கே வாழ்கிறார் என்ற கேள்விக்கு ஸின்டெல் தரும் விடை அது.

இனி ஒரு நாடகம். மார்கரெட் எட்சன் எழுதிய 'விட்' 1995-ஆம் ஆண்டில் முதன்முதலாக நடிக்கப்பெற்று, 1999-ஆம் ஆண்டின் புலிட்சர் பரிசைப் பெற்றது. எட்சன் அட்லாண்டா நகரில் சிறு குழந்தைகளுக்குக் கற்பித்த ஆசிரியை. பரிசுக்குப் பிறகும் அவர் தம் வகுப்பை விட்டு விலகவில்லை. நாடகத்தின் தலைவி விவியன், 17-ஆம் நூற்றாண்டுக் கவிஞர் ஜான் டன்னின் பாடல்களில் பெரும்புலமை வாய்ந்த பேராசிரியை. மாணவர்களிடம் கடுமையே காட்டியவர். பாட்டி இறந்துவிட்டதாகக் கூறிக் காலநீட்டிப்புக் கேட்ட மாணவிக்குக்கூட ஒருநாள் தராதவர். இப்போது புற்றுநோய் முற்றி மருத்துவமனைப் படுக்கையில் இருக்கிறார். அவரைச் சோதிக்க வரும் இளம் மருத்துவன் அவருடைய பழைய மாணவன். அவனும் திறமையானவன், துல்லியமானவன், நோயை ஆராய்பவன், நோயாளியை நோக்காதவன். தாம் கற்பித்தது எது என்பதை, அம்மாணவனின் குளிர்ந்த கைகளில் அவர் உணர்ந்துகொள்கிறார்.

ஆனால் நாடகம் அவரைத் தண்டித்து முடிப்பதில்லை. இறுதியில் விவியனுக்கே ஆசிரியராக இருந்த மூதாட்டி ஆஷ்ஃபர்டு அவரைக் காண வருகிறார். மாணவியின் நிலையைக் கண்டு, டன்னின் பாடலைச் சொல்லட்டுமா என்று கேட்கிறார். வேண்டாம் என்ற முனகல் கேட்டதும், தம் கொள்ளுப்பேரனுக்காக வாங்கி வந்த முயல்குட்டிக் கதைப் புத்தகத்தை எடுத்து, படுக்கையில் அவரை அணைத்துக்கொண்டு படித்துக் காட்டுகிறார். புலமையின் உச்சியில் இருந்த இருவரும் குழந்தைக் கதையில் வந்து சேர்கின்றனர். குழந்தைகளுக்கு எழுத்துச் சொல்லித் தந்த ஓர் ஆசிரியையே இக்காட்சியை எழுத முடியும்.

இந்த மரபு இன்றும் வற்றவில்லை. 2017-ஆம் ஆண்டில் நியூயார்க்கில் அரங்கேறிய டாமினிக் மொரிசோவின் 'பைப்லைன்' நாடகத்தில், நெருக்கடி மிக்க அரசுப் பள்ளியில் கற்பிக்கும் நாயா என்ற கறுப்பினத் தாய் வருகிறாள். தன் மகனைத் தனியார் பள்ளியில் சேர்த்திருக்கிறாள். அங்கே ஒரு நாவலைப் பற்றி வகுப்பில் விடாமல் கேள்வி கேட்ட ஆசிரியரை அவன் சினத்தில் தள்ளிவிடுகிறான். ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் ஆசிரியையாக இருப்பவள், தன் பிள்ளை மாணவனாகக் கூண்டில் நிற்கும்போது என்ன செய்வாள்? ஆசிரியர், பெற்றோர் என்னும் இரு தரப்பும் ஒரே உள்ளத்தில் மோதுவதை இங்கே காண்கிறோம். தான் சொல்லுவதைவிட மகன் சொல்லுவதைக் கேட்கவே அவள் கடைசியில் முற்படுகிறாள்.

மேரியின் பொய், மாணவ ஆசிரியனின் தலையங்கம், ஹவர்டின் நேர்மையான விடை, ஹெலன் நீட்டிய சாவி, டில்லியின் செடி, இளம் மருத்துவனின் குளிர்ந்த கை: இவையே இந்நாடகங்களில் ஆசிரியரின் கதையை முடித்து வைக்கின்றன. பள்ளிக் குழுவும் நீதிமன்றமும் அறங்காவலரும் ஆசிரியருக்குப் பதவியைத் தரலாம், பறிக்கலாம். அவருடைய பணி என்ன ஆயிற்று என்பதைச் சொல்ல வல்லவர் மாணவரே.

இப்பேச்சைக் கேட்கும் மாணவ மாணவியர் இந்நாடகங்களைத் தேடிப் படிக்க வேண்டும். இயன்றால் பள்ளி மேடையில் நடித்தும் பார்க்கலாம். தவறு கண்டால் அஞ்சாமல் எடுத்துரைப்பது உங்கள் உரிமை. நடந்ததை நடந்தபடி சொல்லுவது உங்கள் கடமை. சொன்னதைப் பொறுமையோடு கேட்டு ஆராய்வது மூத்தோர் கடமை. இம்மூன்றும் ஒருங்கே அமையும் பள்ளியில் நாடகாசிரியனுக்கு ஒருவேளை வேலை இல்லாமல் போகலாம். அதனால் நமக்கு இழப்பு ஒன்றும் இல்லை.